கீமேன் நாகவல்லி

சுத்தியலை ஓங்குவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் ஜல்லியை இடது கையால் விலக்குகிறார். இரும்புக்கு அடியில் காற்று நுழைகிற அளவுக்குக் குழி பறித்த பிறகு எழுந்து, ஒரே ஒரு தட்டு. தலை வலப்பக்கம் சாய்கிறது. "ம், நல்லாத்தான் கீறே நீ" என்று தண்டவாளத்திடம் சொல்லிவிட்டு, விலக்கிய ஜல்லியைக் காலாலேயே தள்ளி மூடுகிறார். பிறகு இரண்டு கம்பிகளை ஒட்டவைத்த அடுத்த வெல்டிங் வரைக்கும் நடை. காலை ஆறரை மணிக்கு நேமிலிச்சேரியைத் தாண்டி ஒரு பெண்மணி இப்படி இரும்போடு பேசிக்கொண்டு போவதை, மின்சார ரயிலில் தினமும் போகிற நம்மில் யாரும் பார்ப்பதில்லை. நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெயர் நாகவல்லி. வயது நாற்பத்தொன்பது. ரயில்வேயில் 'கீமேன்' வேலை. அந்த வேலையைப் பெண் செய்தாலும் பதவிக்கு அதுதான் பெயர். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "மேன்னு போட்டா இன்னா, வுமன்னு போட்டா இன்னா சார்? கம்பிக்கு ரெண்டும் ஒண்ணுதான்." திருநின்றவூரில் தொடங்கிப் பட்டாபிராம் வரை போய்த் திரும்புவது அன்றாடக் கணக்கு. போகும்போது ஒரு பக்கத்துக் கம்பி, வரும்போது மறுபக்கத்துக் கம்பி. தண்டவாளத்தைக் கட்டையோடு கவ்விப் பிடித்திருக்கும் கிளிப்புகள் வண்டியின் அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துவிடும். அவற்றை அடித்து உள்ளே தள்ள வேண்டும். விரிசலோ உடைசலோ இருந்தால் வண்டி வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். தோள்பையில் சிவப்புக் கொடி இரண்டு, பச்சைக் கொடி ஒன்று, ஸ்பேனர், அப்புறம் 'பட்டாசு'. கம்பியின்மேல் கட்டிவைத்தால் சக்கரம் ஏறியதும் படீரென்று வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் தகர வில்லைகளைத்தான் அப்படிச் சொல்கிறார். இவற்றோடு ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கொய்யாக்காயும்.

சில மாதங்களாக விட்டு விட்டு அவரோடு நடக்கிறேன். அவரோடு என்றால் அவர் பக்கத்தில் அல்ல. இருபது அடி தள்ளி, ரயில்வே எல்லைக்கு வெளியே, முட்செடிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் ஓரடி உள்ளே வைத்துவிட்டேன். "சார், அங்கயே நில்லு. கதை எழுதுறவருன்னுகூட பாக்க மாட்டேன், நானே ரயில்வே போலீசுல புட்ச்சிக் குட்த்துடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் காலை எடுக்கும்வரை அவர் சுத்தியலை எடுக்கவில்லை.

வெல்டிங்குகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். நேமிலிச்சேரிப் பக்கம் ஒன்று, தட்டினால் கரகரவென்று பேசும், ஆனால் உறுதி. அதற்குப் பெயர் மாமியார். சற்றுத் தள்ளி வெயில் ஏறினால் ஒரு குரலும் மழை பெய்தால் ஒரு குரலுமாக மாற்றிப் பேசுவது கவுன்சிலர். கணீரென்று மணி மாதிரி கேட்பது டீச்சரம்மா. தட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லையாம். கண்ணால் பார்த்தால் போதும். "கண்ணு மேலத்தான் சார் பாக்கும். உள்ள இருக்கறது காதுக்குத்தான் தெரியும்."

வண்டி கடந்துபோகக் காத்திருக்கும்போது மர நிழலில் ஒதுங்க மாட்டார். பத்தடி தூரத்தில் பெரிய வேப்பமரம் இருக்கும், இவர் வெட்டவெளியில் நிற்பார். முதல் நாள் எனக்கு இது வீம்பாகத் தோன்றியது. காரணம் கேட்டேன். ஏழு வயதில் குருவி விரட்டப் போனவராம். அப்பா அம்மா இருவரும் பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் சிட்டுகள் கூட்டமாக இறங்கிக் கதிரை உறிஞ்சிவிடும். ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்து மகளை வரப்பில் நிறுத்திவிட்டு, அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்வாராம்: "நெழலு பக்கம் போவாத. நெழல்ல குந்துனா தூக்கம் வரும். நீ தூங்குனா குருவி நம்ப சோத்தத் துன்னுட்டுப் பூடும்." மற்ற பிள்ளைகள் மரத்தடியில் குந்தித் தூங்கி உதை வாங்கியபோது இவர் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குரலும் அங்கே கிடைத்ததுதான். இன்றைக்கும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிற கல்லூரிப் பையனை அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து 'டேய்ய்' என்று ஒரு சத்தம் போட்டால், பையனோடு சேர்ந்து நானும் நின்றுவிடுகிறேன்.

பதினான்கு வயதில் திருமழிசைப் பக்கம் செங்கல் சூளை. ஐந்து வருடம் கல் சுமந்தார். சூளை பிரித்ததும் வெந்த கல்லையும் வேகாத கல்லையும் பிரித்து அடுக்கும் வேலைக்கு மேஸ்திரி இவரைத்தான் கூப்பிடுவார். இன்னொரு கல்லால் தட்டினால் வெந்த கல் 'ணங்' என்னும், வேகாத கல் 'டொக்' என்னும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்புத்தான். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கல்லைத் தட்டித் தட்டி, தூக்கத்தில்கூட ணங், டொக் என்று கேட்குமாம். படித்துப் பட்டம் வாங்க நமக்குப் பதினைந்து வருடம் ஆகிறது. இவருக்கு அது ஐந்து வருடத்தில் முடிந்தது, சான்றிதழ்தான் கொடுக்கவில்லை.

சூளை மூடியதும் ரயிலில் வெள்ளரிக்காயும் கொய்யாவும் விற்றார். எந்த வண்டி எங்கே மெதுவாகும், எந்த வளைவில் ஆடும், எந்தப் பெட்டியில் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்தது. அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாட்டில் மூடிகளை எண்ணி அட்டைப்பெட்டியில் போடும் வேலை. நல்ல கம்பெனி, மதியம் சாப்பாடு, வேனில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எட்டு மாதம்தான் தாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"உள்ள ட்யூப் லைட்டு. காலையா மாலையான்னு தெரியாது. ஒருநாள் வேல முட்ச்சி வெளிய வந்து பாத்தா ரோடு பூரா நனஞ்சிகினு கீது. மழ பேஞ்சி வுட்டுருக்குது சார், எனக்குத் தெரியாம! ஊட்ல யாரோ நம்பகிட்ட சொல்லாம கல்யாணம் பண்ணிகினா மாதிரி இருந்துச்சி. அத்தோட நின்னுட்டேன்."

கணவர் ஜெகதீசன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் இருந்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் காவ்யாவுக்கு நாலு வயது. கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை தர அழைத்தார்கள். அலுவலகத்தில் கோப்பு எடுத்துக்கொடுக்கிற வேலை ஒன்று இருந்தது, தண்டவாள வேலை ஒன்று இருந்தது. உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் ஃபேன் சுற்றுகிற பக்கம் கையைக் காட்டினார்கள். இவர் தண்டவாளத்தைக் கேட்டார். அதிகாரி மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம். நாத்தனார் ஒரு வருடம் பேசவில்லை. நாகவல்லிக்கு இன்றுவரை அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது. அதை அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால், வருத்தம் இருக்குமோ என்று கேட்டதற்கு நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

தட்டுவதற்கு முன் ஜல்லியை விலக்குகிறாரே, அந்தப் பழக்கம் மட்டும் சூளையில் வந்ததல்ல. ஒரு தப்பில் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஒரு வெல்டிங்கைத் தட்டினார். 'டொக்' என்றது. உடனே சிவப்புக் கொடியை ஆட்டி வண்டியை நிறுத்திவிட்டார். இளநிலைப் பொறியாளர் தமிழ்வாணன் ஆட்களோடு வந்து தோண்டிப் பார்த்தால், விரிசலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பக்கத்து மனைப்பிரிவுக்காரர்கள் யாரோ மொபெட்டைத் தள்ளிக்கொண்டு குறுக்கே கடப்பதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி மணல்மூட்டையைத் திணித்து, மேலே ஜல்லியைப் போட்டு மறைத்திருந்தார்கள். மூட்டை முட்டுக்கொடுத்ததால் சத்தம் செத்துவிட்டது. வண்டி அரை மணி தாமதம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் 'மணல்மூட்ட அக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

"பேரு வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல சார். என் மேலத்தான் கோவம். சூளையில மேஸ்திரி மொத நாளே சொல்லிக் குட்த்தது. கல்லக் கைல தூக்கிப் புடிச்சித்தான் தட்டணும், மண்ணுல வச்சித் தட்டுனா நல்ல கல்லும் பொய் சொல்லும். அத்த நான் மறந்துட்டேன். அன்னியிலேர்ந்து மொதல்ல நோண்டி வுட்டுட்டுத்தான் தட்டுறது."

மகள் காவ்யா பி.காம். படித்தவர். அம்மாவின் நிறம் உண்டு, வெயில் ஆகாது. அரசு வேலைக்கான தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். பகலில் ஒரு துணிக்கடையில் பில் போடுவார், மற்ற நேரமெல்லாம் புத்தகம். பெண்ணும் உங்களைப்போல் வெளியில் திரிகிற வேலைக்கு வரவேண்டும் என்று ஆசையில்லையா என்று கேட்டேன். "ஐய, அவளுக்கு எதுக்கு சார்? நான் வளந்தாப்புல அவ வளரல. நான் வளக்கவும் இல்ல. ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்கணும்னு அவளுக்கு ஆச. எனக்கு வெயில் எப்டியோ அவளுக்கு அது அப்டி" என்றார். இவ்வளவு தெளிவாகப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. நானே அப்படிப்பட்டவன் அல்ல.

இனி நான் இவரை அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரம்பூரில் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு வைத்த பையோடு திருநின்றவூரில் ஏழு முப்பத்தெட்டு வண்டி ஏறினேன். அன்றைக்குத்தான் அந்த அரசுத் தேர்வும். பெட்டி முழுக்க இளம்பிள்ளைகள். கையில் ஹால் டிக்கெட், வாயில் முணுமுணுப்பு. ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கதவை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் திறக்க மாட்டார்கள். நேமிலிச்சேரி தாண்டியதும் முன்னால் எங்கோ படீர் படீர் என்று வெடிச்சத்தம் கேட்டது. வண்டி கிறீச்சிட்டு நின்றது.

ஐந்து நிமிடம் பொறுத்தோம். பத்து நிமிடம் ஆனதும் ஒவ்வொருவராகக் கீழே குதித்து முன்னே ஓடினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண், தண்டவாளத்தின் பக்கத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு நின்றிருந்தார். தண்டவாளம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. எங்கள் யார் கண்ணுக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

"இன்னாக்கா இது, கண்ணுக்கு ஒண்ணுமே தெரில? எங்களுக்கு எக்ஸாம்க்கா!" என்றான் ஒரு பையன். அழுகிற குரல். இன்னொருவன் கெட்ட வார்த்தை சொன்னான். நானும் சும்மா இருக்கவில்லை. பொதுமக்களின் நேரத்தோடு விளையாடுவதற்குத்தான் மக்கள் வரிப்பணத்தில் சம்பளமா என்று இலக்கணச் சுத்தமாகக் கத்தினேன். நாலு பேர் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் "யாரும் கம்பி மேல நிக்காதீங்க, வெளிய நில்லுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தமிழ்வாணன் பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஆட்கள் நாலு பேரோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். "இன்னிக்கும் மணல்மூட்டையாம்மா?" என்றார். கூட்டம் இருக்கிறதே என்ற எரிச்சல் அவருக்கு.

"நோண்டிப் பாத்துட்டேன் சார். ஒரு ஜான் ஆழத்துக்கு ஒண்ணுமே இல்ல. அப்பவும் டொக்குங்குது. இந்த வெல்டிங்கு வம்பே பண்ணாத பொண்ணு சார், இத்தினி நாளும் ஒழுங்காப் பேசிகினு இருந்துச்சி. மண்ணெண்ண தடவிப் பாத்துருங்க."

ஆட்களிடம் மண்ணெண்ணெய் டப்பா இருந்தது. கந்தலில் நனைத்து வெல்டிங்கின் மேல் தடவிவிட்டு, சற்றுப் பொறுத்து ஈரமில்லாமல் துடைத்தார்கள். அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவித் தட்டினால், விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் ஊறி வெளியே வந்து கோடு காட்டும். தூள் கொண்டுவர மறந்துவிட்டார்கள். ஒருவர் மற்றவரைத் திட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தார். வெள்ளைச் சுடிதார், பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட்.

"ம்மா, மணி எட்டாவப் போவுதும்மா."

"தெரியுது. உன் பையில பவுடர் கீதா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த 'ம்மா'வைக் கேட்டோம். கெட்ட வார்த்தை சொன்ன பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை எதற்கோ கீழே இறக்கிவிட்டேன். காவ்யா பையைத் திறந்து சின்ன பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நாகவல்லி அதை வாங்கி வெல்டிங்கின் மேல் தூவி, சுத்தியலால் லேசாகத் தட்டினார். கால் நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளைப் பவுடரின் நடுவே மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு, அடியில் தொடங்கி மெல்ல மேலே ஏறியது.

தமிழ்வாணன் கும்பிடாத குறை. உடனே இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து இறுக்கும் வேலை தொடங்கியது. நாகவல்லி மகள் பக்கம் திரும்பி, "நீ போய் வண்டில ஏறு. கல்லுல பாத்துக் கால வையி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வண்டி எட்டு இருபத்தெட்டுக்கு ஆள் நடக்கிற வேகத்தில் அந்த இடத்தைக் கடந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மையம் கிடைத்த பிள்ளைகள் ஓடிப்போய் நுழைந்துவிட்டார்கள். காவ்யாவுக்கு வில்லிவாக்கம். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஏழு. கதவு மூடியிருந்தது.

நிச்சயதார்த்தத்தில் எனக்கு விருந்து இறங்கவில்லை. மறுநாளே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்ல தமிழ்ல தானே சார் திட்டுனீங்க, அது ஒண்ணும் ஒறைக்கல" என்று சிரித்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு உறைத்தது.

பழகிய பிறகு ஒருநாள் கேட்டேன். வண்டியில் மகள் இருப்பது தெரியும். தேர்வு தெரியும். ஏற்கனவே ஒருமுறை தப்பாக நிறுத்திக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறார். கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொடியை எடுக்கும்போது மனதில் என்னதான் ஓடியது?

சுத்தியலைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்தார். "பொய் சொல்ல மாட்டேன் சார். இந்த ஒரு வண்டி போயிடட்டும், அடுத்த வண்டிய நிறுத்திக்கலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சி. எத்தினியோ வண்டி போயிருக்கும் அதும் மேல, இன்னும் ஒண்ணு போவாதா? உள்ள காவ்யா கீறாளே, ரெண்டு வருசமா படிச்சிகினு கீறாளேன்னு. அப்பால பட்டுனு தோணுச்சி. காவ்யா கீறதுனால வுடலாம்னா, காவ்யா கீறதுனாலயே எப்டி வுடுறது? அப்டி நெனச்சதுக்கே வெக்கமாப் பூட்ச்சி. அப்பறம் ஓடுன ஓட்டந்தான்."

அன்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்பதையும் அவரே சொன்னார். காவ்யா மூன்று மணிக்குத்தான் வந்தார். தேர்வு முடிகிற வரைக்கும் மையத்துக்கு எதிரே பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். நாகவல்லி மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். மகள் தொடவில்லை. மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றேன். "வாய் வரல சார். கேட்டா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும். தப்பு இல்லையே. ஆனா கஷ்டமாக் கீது. தப்பே செய்யாமகூட கஷ்டமா இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது." 

நாலாம் நாள் காவ்யாவே குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, "எத்தினி நாளு இதையே சூடு பண்ணிகினு கீறே? கீழ கொட்டும்மா" என்றாராம். சண்டை முடிந்தது. என்னிடம் காவ்யா சொன்னது வேறு. "கோவம் போச்சான்னு கேக்காதீங்க அங்கிள், கொஞ்சம் கீது. ஆனா அந்தக் கோடு மேல ஏறினத நானும் பாத்தேன் இல்ல? அத்தப் பாத்துட்டு எங்கேர்ந்து சண்ட போடுறது?"

மேலிடத்தில் நாகவல்லியைக் கூப்பிட்டுப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அந்தக் குறையைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சான்றிதழ் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதைக் காட்டச் சொன்னால், பக்கத்தில் இருக்கிற காவ்யாவின் பட்டமளிப்புப் புகைப்படத்தைக் காட்டுகிறார். பெண்ணைப் பற்றிப் பேசத்தான் அவருக்கு வாய் ஓயாது.

அடுத்த தேர்வு இந்த ஆவணியில் வந்தது. அதுவும் ஒரு ஞாயிறு, அதுவும் ஒன்பது மணிக்குக் கதவு மூடும். இந்த முறை மையம் கொரட்டூரில். நாகவல்லிக்கு அன்று வார ஓய்வு. அவருடைய நடைக்கு வேறொருவர் போயிருந்தார். நானும் வழியனுப்புகிற சாக்கில் திருநின்றவூர் நிலையத்துக்குப் போனேன். ஆரஞ்சுச் சட்டை இல்லாமல், ஊதா நிறப் புடவையில், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார் நாகவல்லி. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "ஏழு முப்பத்தெட்டு வாணாம், ஆறு மணி வண்டிக்கே போறேன். நீ லீவுன்னாலும் வேற யாராச்சும் கொடி புட்ச்சிட்டா?" என்று காவ்யா அம்மாவைக் கிண்டல் செய்தார். அம்மா பதிலுக்குப் பேனா இரண்டு இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வண்டி வந்தது. காவ்யா பெண்கள் பெட்டியில் ஏறி, கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்ததும் "ம்மா, வரேம்மா" என்று கையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற நான் ஆட்டினேன். வழியனுப்ப வந்த மற்றவர்களும் ஆட்டினார்கள். நாகவல்லி ஆட்டவில்லை. பிளாட்பாரத்தின் கோடியில், கூரை முடிந்து வெளிச்சம் விழுகிற இடத்துக்கு நாலெட்டு நடந்துபோய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். தலை வலப்பக்கம் சாய்ந்தது. பெட்டி பெட்டியாகச் சக்கரங்கள் அங்கிருந்த இணைப்பின்மேல் ஏறி இறங்கும் சத்தத்தைக் கடைசிப் பெட்டிவரை கேட்டார். சத்தம் தேய்ந்து, அடங்கி, ஒன்றுமில்லாமல் ஆனது. அப்புறம் கண்ணைத் திறந்து, வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, வண்டி போய்விட்ட தண்டவாளத்தைப் பார்த்து நெடுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.